ஜெனரேட்டர் புகைக்கு ஃபில்டர்: விலை கேட்பதற்கு முன் லோடைப் பாருங்கள்

வடசென்னையில் கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கழிவுநீரேற்று நிலையம். அங்கிருக்கும் 125 கே.வி.ஏ. டீசல் ஜெனரேட்டரின் புகையைக் கட்டுப்படுத்த என்ன செலவாகும் என்று எஸ்டிமேட் போடும் வேலை எனக்கு வந்தது. ஒருவழியாக ஃபைல் பாஸாகிவிட்டது. ஆனால் அதற்குள் நாக்குத் தள்ளிவிட்டது.

கொட்டேஷன் கேட்ட உடனே வந்துவிட்டது. ஒன்றில் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்ந்திருந்தது, இன்னொன்றில் இல்லை, மற்றொன்றில் மாட்டும் கூலியே இல்லை. "ஒப்பீடு சரியில்லை" என்று ஒரே வரி எழுதி எழுத்தர் ஃபைலைத் திருப்பிவிட்டார். எது சரியில்லை என்று கேட்டால், "நீங்களே பாருங்க சார்" என்கிறார். கொட்டேஷன் கேட்கும்போதே வரி, மாட்டும் கூலி, வருடாந்திரச் சுத்தம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டச் சொல்லிவிடுங்கள்.

பெரிய தலைவலி வேறு. ஓடிக்கொண்டிருக்கும் ஜெனரேட்டரின் புகைக்குழாயில் மாட்டும் ஃபில்டர் கருவிக்கு ஆர்.இ.சி.டி. என்று பெயர். அது புகைத்துகளை 70 சதவீதமாவது பிடிக்க வேண்டும் என்பது விதி. எல்லா விற்பனையாளரும் அதைத்தான் சொன்னார்கள். ஜெனரேட்டர் எவ்வளவு லோடில், அதாவது எவ்வளவு மின்சுமையில், ஓடுகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டர் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. லாக் புக்கில் மாதம் முழுக்க ஒரே பேனா, ஒரே எண். கடைசியில் ஆபரேட்டர்தான் உண்மையைச் சொன்னார்: "கரன்ட் போனா ஒரு பம்புதான் சார் ஓட்டுவோம்." மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 174 ஆம்பியர் தரக்கூடிய மெஷினில் 50ஐத் தாண்டவில்லை.

அவ்வளவு குறைந்த லோடில் புகை சூடேறாது. சூடு இல்லாவிட்டால் சாதாரண ஃபில்டரில் கரி எரியாமல் தேங்கும், புகை வெளியேற வழியில்லாமல் இன்ஜினைத் திருப்பி அழுத்தும் பேக் பிரஷர் ஏறும், இன்ஜின் திணறும். ஹீட்டர் வைத்துத் தானே கரியை எரிக்கும் வகைதான் இங்கே சரி. விலை கூடுதல்தான், ஆனால் மலிவானதை வாங்கி அடைத்துக்கொண்டு நிற்பதைவிட மேல்.

புது ஜெனரேட்டரே வாங்கலாமே என்றும் பேச்சு வந்தது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சி.பி.சி.பி. 4 பிளஸ் விதிப்படி, இந்த அளவு புது மெஷினில் துகள் ஒரு யூனிட்டுக்கு (கிலோவாட் மணிக்கு) 0.02 கிராம்தான் இருக்கலாம். பழைய விதியில் 0.2. பத்தில் ஒரு பங்கு! ஆனால் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க அதில் யூரியா கரைசல் ஊற்ற வேண்டும், நம்ம ஊர் வெயிலில் அது சீக்கிரம் கெடும். எப்போதாவது ஓடும் மெஷினுக்கு அது வீண் செலவு என்று எழுதினேன்.

"எப்போதாவதுதானே, ஃபில்டரே எதற்கு?" என்று ஒரு அதிகாரி கேட்டார். எனக்கு ஆத்திரமே வந்துவிட்டது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையில் நாள்கணக்கில் கரன்ட் இல்லை. அப்போது ஜெனரேட்டரை ஓட்டித்தான் ஆக வேண்டும், புகை போவது பக்கத்து வீட்டு மாடி ஜன்னலுக்கு. குழாய் உயர விதி, ஜெனரேட்டர் இருக்கும் கட்டடத்துக்கு மேல் சுமார் 2.2 மீட்டர் போதும் என்கிறது. பக்கத்தில் பிறகு எழுந்த மாடி அந்தக் கணக்கில் வராது. குழாயை உயர்த்தும் செலவையும் சேர்த்தேன், அதற்கு மட்டும் மறுபேச்சில்லாமல் ஒப்புதல் கிடைத்தது.

ஒன்றை மறக்காதீர்கள். பேக் பிரஷர் கேஜ் மாட்டி, ஒரு பம்பு மட்டும் ஓடும்போதும் ரீடிங் ஏறவில்லை என்று காட்டிய பிறகே பணம் என்று ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.