ஜிடிஓவா, லெமான்ஸா? பழைய பான்டியாக் வாங்கிய அனுபவம்

பழைய அமெரிக்க மஸில் காருக்கு (பெரிய எஞ்சின் வைத்த நடுத்தர அளவுக் கார்) நாம் கொடுக்கும் பணத்தில் பாதி இரும்புக்கு, மீதி அதன் ஜாதகத்துக்கு. அமெரிக்காவின் மிச்சிகனில், ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிராண்டில் வந்த ஒரு 1967 ஜிடிஓ காரைத் தேடிப் பிடித்து என் பெயருக்கு மாற்றி முடித்திருக்கிறேன். எதை எப்படிச் சரிபார்த்தேன் என்பதை, இதே எண்ணத்தில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

ஜிடிஓவில் போலி அதிகம். அதற்குக் காரணம் அது பிறந்த விதம். நடுத்தர அளவுக் கார்களில் 330 கியூபிக் இன்ச்சுக்கு மேல் எஞ்சின் வைக்கக் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் அப்போது கட்டுப்பாடு வைத்திருந்தது. பான்டியாக் எஞ்சினியர் ஜான் டிலோரியன் குழுவினர் 1964இல் 389 கியூபிக் இன்ச் எஞ்சினை, பான்டியாக்கின் சாதாரண லெமான்ஸ் காருக்கு ஜிடிஓ என்ற ஒரு ஆப்ஷனாகக் கொடுத்து அதைத் தாண்டிவிட்டார்கள். ஆப்ஷன்தான் என்பதால் 1964, 65 கார்களின் விஐஎன் எண்ணில் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) ஜிடிஓ என்பதற்குத் தடயமே கிடையாது. பேட்ஜும் பானட்டும் மாற்றினால் எந்த லெமான்ஸும் ஜிடிஓ மாதிரி நிற்கும்.

நான் முதலில் பார்த்த 1965 கார் அப்படித்தான். சிவப்பு பெயின்ட் பளபளத்தது, விலையும் அசல் ஜிடிஓ விலை. பழைய பான்டியாக் கார்களின் பதிவுகளை வைத்திருக்கும் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டி அந்தக் காரின் தொழிற்சாலைப் பதிவு நகலை வாங்கிப் பார்த்தேன். 326 எஞ்சினோடு லெமான்ஸாக வெளியே போன கார் அது. விற்றவரிடம் நகலைக் காட்டிவிட்டு வந்துவிட்டேன். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்த நகலை வாங்கிவிடுங்கள். இதில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

அப்புறம் 1966, 67 பக்கம் திரும்பினேன். 1966இல் ஜிடிஓ தனி மாடல் ஆனதால் விஐஎன் 242 என்று தொடங்கும். 1967இல் விஐஎன் பொறித்த தகடு ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணில் இருக்கும். நான் பார்த்த காரில் 242177P என்று இருந்தது: ஜிடிஓ, ஹார்ட்டாப் (பக்கக் கண்ணாடிகளுக்கு நடுவே தூண் இல்லாத கார்), 1967, பான்டியாக் நகரத் தொழிற்சாலை.

எஞ்சினைச் சரிபார்ப்பதுதான் பெரிய வேலை. பான்டியாக் வி8 எஞ்சின்களில் 326, 400, 455 எல்லாம் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அளவு. எதை எடுத்து எதில் வைத்தாலும் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியாது. பிளாக்கின் முன்பக்கம், பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்குக் கீழே எண்கள் குத்தியிருக்கும். அங்கே எண்ணெய்ப் பிசுக்கு ஏறிப் போயிருந்தது. டிகிரீஸர் அடித்துத் துணியால் மெதுவாகத் துடைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். வரிசை எண்ணும் அதன் கீழே WT என்ற இரண்டு எழுத்தும் தெரிந்தன. மேனுவல் கியரோடு வந்த 335 குதிரைத்திறன் 400 எஞ்சினுக்கான குறியீடு அது. 1968 முதல் பிளாக்கிலேயே விஐஎன் எண்ணின் ஒரு பகுதியைக் குத்தினார்கள். 67இல் அது இல்லை. அதனால் வரிசை எண்ணைத் தொழிற்சாலைப் பதிவோடு ஒப்பிடுவதுதான் வழி. ஒவ்வோர் இலக்கமாக வாய்விட்டுப் படித்து ஒப்பிட்டேன். பொருந்தியது. அந்த நொடியின் சந்தோஷம் எஞ்சினை ஸ்டார்ட் செய்து கேட்டபோதுகூட வரவில்லை.

அடுத்தது துரு. மிச்சிகன் சாலைகளில் பனிக்காலத்தில் உப்பு போடுவார்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைப் பின்சக்கர வளைவுகளில் நகர்த்தினேன். பட்டி பார்த்து பெயின்ட் அடித்த இடத்தில் அது ஒட்டாது. டிக்கியின் தரை, பின் கண்ணாடிக்குக் கீழுள்ள தகடு, பின்சக்கரத்தை ஒட்டிய சேஸிஸ், இந்த மூன்றையும் பார்க்காமல் விலை பேசக் கூடாது. இந்தக் காரில் டிக்கித் தரை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. அதைச் சொல்லி விலையைக் குறைத்தேன்.

பெயர் மாற்றம் சுலபம். மிச்சிகனில் வண்டிப் பதிவைக் கவனிக்கும் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் டைட்டிலை, அதாவது காரின் உரிமைப் பத்திரத்தைக் கொடுத்து, வாங்கிய விலைக்கு 6 சதவீத வரி கட்டினால் முடிந்தது. இன்ஷூரன்ஸ்தான் யோசிக்க வேண்டியது. சாதாரண பாலிசி தேய்மானம் கழிக்கும். காரின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதும் பாலிசிதான் வேண்டும். தொழிற்சாலைப் பதிவு நகல் அங்கேயும் உதவியது. பழைய கார்களுக்கென்று தரும் ஹிஸ்டாரிக் நம்பர் பிளேட்டுக்குச் செலவு குறைவு. ஆனால் கண்காட்சி, அணிவகுப்பு, கிளப் நிகழ்ச்சி போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம் என்று கட்டுப்பாடு உண்டு; ஆகஸ்ட் மாதம் மட்டும் தாராளமாக ஓட்டலாம். டெட்ராய்ட் பகுதியில் நடக்கும் உட்வர்ட் அவென்யூ பழைய கார் அணிவகுப்பு அந்த மாதத்தில்தான் வரும். நினைத்தபோது ஓட்ட வேண்டும் என்பதால் நான் சாதாரண பிளேட்டையே எடுத்தேன்.

எஞ்சினின் கம்ப்ரஷன் விகிதம் அதிகம், 10.75 என்பதால் 93 ஆக்டேன் பெட்ரோல்தான் போடுகிறேன். எத்தனால் கலந்த பெட்ரோலைப் பழைய ரப்பர் தாங்காது. அதனால் ஃப்யூயல் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றும் வேலை இப்போது நடக்கிறது. அது முடியும்வரை தூரப் பயணம் கிடையாது.