இன்டர்கூலருக்கு ஏன் பனிக்கட்டி?

எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் அழுத்தும் காற்று சூடேறி அடர்த்தியை இழப்பதோடு, எஞ்சினில் நாக்கிங் (எரிபொருள் கட்டுப்பாடின்றித் தானே வெடித்து எரிவது) ஏற்படும் அபாயத்தையும் கூட்டுகிறது. இந்தக் காற்றைக் குளிர்விப்பதே இன்டர்கூலரின் வேலை. 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) பந்தயம் சில நொடிகளில் முடிந்துவிடுவதால், நீரால் குளிரும் இன்டர்கூலருக்குப் பெரிய ரேடியேட்டரைவிடப் பனிக்கட்டித் தொட்டியே மேல் என்பது என் உறுதியான கருத்து. ஒரு கிலோ பனிக்கட்டி உருகுவதற்கு மட்டுமே ஏறத்தாழ 334 கிலோஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. அதே அளவு நீரை 80 டிகிரி சூடாக்குவதற்கு இது ஈடாகும். 2018 டாட்ஜ் டீமன் காரில் ஏசியின் குளிரைக் கொண்டே இன்டர்கூலரின் நீரைக் குளிர்வித்தார்கள். அருமையான யோசனை அது. ஆனால் குழாயில் காற்று அடைத்துக்கொண்டால் பம்ப் வெறுமனே சுழலும், எவ்வளவு ஐஸ் போட்டும் பயனில்லை. ஆகவே தொட்டியின் மூடியைத் திறந்தபடி பம்பை ஓடவிட்டு, திரும்பி வரும் நீரில் குமிழிகள் முற்றிலும் அடங்கும்வரை பார்த்திருந்து, அதன்பிறகே ஐஸைக் கொட்ட வேண்டும்.