அதுவா வந்த மரம்

ஏப்ரல் 6, 2025, ஞாயிறு

வியாசர்பாடியில் எங்கள் தெருவையும் அதையொட்டிய நான்கு சந்துகளையும் எல்லையாக வைத்துக்கொண்டு, அதற்குள் நிற்கும் செர்ரி மரங்களை ஒன்றுவிடாமல் பதிவு செய்வதென்று இன்று காலை தொடங்கினோம். 'தொடங்கினோம்' என்று பெரிதாக எழுதுகிறேனே தவிர, இருப்பது நானும், பிளஸ் டூ தேர்வெழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் அடுத்த வீட்டுத் தம்பியும் மட்டும்தான். அவனுடைய கைப்பேசி, என் மனைவியின் தையல் டேப், ஒரு கோடு போட்ட நோட்டு ஆகியவை கருவிகள். ரயில்வேயில் முப்பத்திரண்டு ஆண்டு கணக்கெழுதியவனுக்கு நோட்டில் ஏறாத எதுவும் கணக்காகத் தோன்றுவதில்லை.

செர்ரி என்ற சொல்லை முதலில் சரிசெய்துகொள்ள வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்தில் செர்ரி என்று சொல்லப்படுபவை மூன்று. மூன்றில் ஒன்றுகூட உண்மையான செர்ரி கிடையாது. பேக்கரிக் கேக்கின் மேல் சிவப்பாக உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் சாயமேற்றிச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்த களாக்காய். மொட்டைமாடித் தொட்டிகளில் வளர்வது பார்படோஸ் செர்ரி. சாலையோரத்திலும் சுவர் இடுக்கிலும் நிற்பது சிங்கப்பூர் செர்ரி. இந்த மூன்றாவதைத்தான் நாங்கள் சிறுவயதில் தேன்பழம் என்றோம். சிலர் சர்க்கரைப்பழம் என்பார்கள். இலங்கையில் ஜாம் பழம். பெயரில் சிங்கப்பூர் இருந்தாலும் அதன் தாய்மண், தென் மெக்சிகோவிலிருந்து பொலிவியா வரை விரியும் வெப்பமண்டல அமெரிக்கா. முண்டிங்கியா கலபுரா என்ற அறிவியல் பெயர் 1753இல் லின்னேயஸின் நூலில் ஏறியது. அந்தப் பெயரில் இருப்பவர் ஆபிரகாம் முண்டிங் என்ற டச்சுத் தாவரவியலாளர். உண்மையான செர்ரிக்குக் குளிர்காலம் வேண்டும், குளிர் போதாவிட்டால் அது ஒழுங்காகப் பூக்காது என்பதால், சென்னையில் அதைத் தேடி அலைய வேண்டியதில்லை. கோடையில் காஷ்மீரிலிருந்தும் இமாசலத்திலிருந்தும் சிறு பெட்டிகளில் பழமாக வருவதோடு அதன் உறவு முடிந்துவிடுகிறது.

முதல் நாள் கணக்கு ஆறு மரங்கள். வெயில் ஏறிவிட்டதால் ஒன்பது மணிக்கே திரும்பிவிட்டோம்.

ஏப்ரல் 9, புதன்

ஒரு மரத்துக்கு ஐந்து படங்கள் என்று முறை வைத்திருக்கிறோம்: முழு மரம், பட்டை, இலையின் மேற்புறம், அடிப்புறம், பூ அல்லது பழம். தொலைவிலிருந்து எடுத்த ஒரே படத்தை வைத்துக்கொண்டு யாராலும் மரத்தை உறுதி செய்ய முடியாது. தேன்பழ இலையைத் தொட்டாலே தெரிந்துவிடும். மெல்லிய சுணை மூடியிருப்பதால் விரலில் பிசுபிசுவென்று ஒட்டும், காம்போடு சேரும் இடத்தில் ஒருபக்கம் இறங்கியும் மறுபக்கம் ஏறியும் கோணலாக இருக்கும். எருக்கஞ்சேரி நெடுஞ்சாலைப் பக்கம் நிற்கும் மரத்தில் அந்தப் பிசுபிசுப்பில் லாரிப் புகையும் புழுதியும் படிந்து, படத்தில் இலை சாம்பல் நிறமாகவே விழுந்தது. கைக்குட்டையை நனைத்து ஓர் இலையைத் துடைத்த பிறகுதான் பச்சை தெரிந்தது. துடைத்த இலை, துடைக்காத இலை இரண்டையும் அருகருகே வைத்து ஒரு படம் எடுக்கச் சொன்னேன். அதற்கென்று எந்தக் கட்டமும் இல்லை, இருந்தாலும் இருக்கட்டும்.

பூவைப் பார்க்க வேண்டுமென்றால் காலையிலேயே போக வேண்டும். ஐந்து வெள்ளை இதழ்கள், துவைத்து இஸ்திரி போடாத துணியைப் போலக் கசங்கியபடியே விரிகின்றன. நடுவில் மஞ்சள் மகரந்தத் தாள்கள். மாலையில் போனபோது காலையில் படமெடுத்த பூக்களின் இதழ்கள் நடைபாதையில் கிடந்தன. பூக்கும்போது இலைக்கு மேலே தலைதூக்கி நிற்கும் காம்பு, பிஞ்சு பிடித்ததும் கீழே வளைந்துவிடுகிறது. ஆகவே பூவை மேலிருந்தும் பழத்தைக் கிளைக்கு அடியில் குனிந்தும் தேட வேண்டும். இதை அறியாமல், பழமில்லை என்று முதல் நாளில் எழுதிய இரண்டு மரங்களையும் இன்று திருத்தினேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்று இரண்டு தவறுகள் வெளிப்பட்டன. இரண்டையும் கண்டுபிடித்தவர் மூன்றாவது சந்தின் மூலைவீட்டுப் பாட்டி.

முதலாவது, நாங்கள் எழுதிய மூன்றாம் எண் மரமும் ஐந்தாம் எண் மரமும் ஒரே மரம். அடிமரம் பாட்டியின் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. கிளைகளோ சுவரைத் தாண்டிப் பின்சந்தின் மேல் கவிந்திருக்கின்றன. முன்பக்கத்திலிருந்து ஒருமுறையும் பின்பக்கத்திலிருந்து ஒருமுறையுமாக இரண்டு மரமாக்கிவிட்டோம். நெருக்கமான வீடுகளுக்கு நடுவில் கைப்பேசி காட்டும் இடம் பத்து இருபது மீட்டர் தள்ளிப் போகும் என்பதால் வரைபடத்தைப் பார்த்தும் சந்தேகம் வரவில்லை. சொன்னதும் பாட்டி சிரித்துவிட்டார்.

இரண்டாவது தவறு பெரியது. நாங்கள் படங்களை ஏற்றுவது, யார் வேண்டுமானாலும் தாம் பார்த்த உயிரினங்களைப் பதிவு செய்யக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற தளத்தில். அங்கே ஒவ்வொரு பதிவிலும், இது மனிதர் வைத்து வளர்த்ததா என்று ஒரு கட்டம் உண்டு. வைத்து வளர்த்தது என்று குறித்துவிட்டால் அந்தப் பதிவு சாதாரண வகைக்குப் போய்விடும். தானாக வளர்ந்தது என்றால், படம், நாள், இடம் மூன்றும் இருந்து, பெயரைப் பார்த்துச் சொல்பவர்களில் குறைந்தது இருவர் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போகும்போது ஆய்வுக்குரிய தரம் கிடைக்கும். மதில்சுவருக்குள் நின்ற மரங்களை எல்லாம் நான் கேட்காமலேயே 'வளர்த்தது' என்று குறித்திருந்தேன். சுவருக்குள் இருந்தால் தோட்டம்தானே என்பது என் எண்ணம்.

"அதை யாருப்பா வச்சாங்க? வர்தா புயல்ல முருங்கை சாஞ்சுது. அந்தக் குழியில அதுவா வந்துச்சு" என்றார் பாட்டி.

வர்தா கரையைக் கடந்தது 2016 டிசம்பர் 12. ஆக, இந்த மரத்துக்கு வயது எட்டரைக்குள். தரையிலிருந்து நான்கரை அடி உயரத்தில் சுற்றளவு 71 சென்டிமீட்டர்; அதாவது விட்டம் 22 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வேகமாக வளரும் மரம் என்று படித்திருக்கிறேன். எவ்வளவு வேகம் என்று ஒரு பிறந்தநாளோடு சேர்த்துப் பார்ப்பது இதுவே முதல் தடவை. அந்தப் பிறந்தநாளை எந்தப் படமும் சொல்லியிருக்காது, பாட்டியைக் கேட்டால்தான் கிடைக்கும்.

ஏப்ரல் 14, திங்கள்

சித்திரை முதல் நாள். மாங்காய்ப் பச்சடியும் வடையும் சாப்பிட்ட மயக்கத்தில் வெளியே போகவில்லை. தம்பி மட்டும் வந்து, இதையெல்லாம் எழுதி என்ன ஆகப்போகிறது சார் என்று கேட்டான். நியாயமான கேள்வி.

கியோட்டோவின் செர்ரிப் பூக்களைப் பற்றிச் சொன்னேன். அந்த நகரில் செர்ரி முழுமையாகப் பூத்த நாட்களின் வரிசை கி.பி. 812 வரை பின்னோக்கிப் போகிறது. அதைத் தொகுத்தவர் ஒசாகாவின் ஆய்வாளர் யசுயுகி அவோனோ. அவருக்குக் கைகொடுத்தவை அரசவையினரும் துறவிகளும் எழுதிவைத்த நாட்குறிப்புகள். இன்று பூ பார்க்கும் விருந்துக்குப் போனேன் என்று ஒருவர் தன் வேலையாக எழுதியது, பல நூற்றாண்டு கழித்து வெப்பநிலையின் கணக்காகிறது. 2021இல் அங்கே மார்ச் 26 அன்றே பூ முழுமையடைந்தது; அதுவரையிலான அந்த நீண்ட வரிசையிலேயே அதுதான் மிக முந்திய நாள். தோக்கியோவில் யாசுகுனி ஆலயத்து மரம் ஒன்றை அடையாள மரமாக வைத்திருக்கிறார்கள். அதில் ஐந்தாறு பூ விரிந்ததும் பருவம் தொடங்கியதாக வானிலைத் துறை அறிவிக்கும்.

எங்கள் மரத்தில் அந்த வசதி இல்லை. தேன்பழம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் பூத்துக் காய்ப்பது. முதல் பூ என்ற நாளே அதற்குக் கிடையாது. அதனால் சீசன்வாட்ச் என்ற இந்தியத் திட்டத்தில் கேட்பதுபோல், அதே மரத்தை வாரம் ஒருமுறை பார்த்து, பூ இல்லை, கொஞ்சம், நிறைய என்று எழுதுவதே பொருத்தம் என்று முடிவு செய்தோம். விஷுவுக்குப் பூக்க வேண்டிய கொன்றை முன்கூட்டியே பூத்துவிடுகிறது என்று கேரளத்தில் பேசப்படுவதை எண்ணிக்கையாக மாற்றியவை இத்தகைய வாரப் பதிவுகள்தான். தம்பி அரைமனதோடு தலையாட்டினான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றைய மரம்தான் இதுவரை பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது. டீக்கடை எதிரே நடைபாதையில் ஓர் இரும்புக் கூண்டு. அதனுள்ளிருந்து தேன்பழ மரம் கம்பிகளைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறது. ஒரு கம்பியை மரமே விழுங்கிவிட்டது. பட்டை அதன் மேல் உதடு மடித்ததுபோல் மூடியிருக்கிறது. கூண்டு இருக்கிறதே, இது நட்ட மரம்தான் என்று நான் பேனாவை எடுக்கும்போதே தம்பி, "கேட்டுட்டு எழுதலாம் சார்" என்றான். பாட்டி வீட்டுப் பாடம் அவனுக்குத்தான் ஏறியிருக்கிறது.

டீக்கடை அண்ணன் சொன்னது இது: கூண்டோடு வைத்தது பூவரசங்கன்று. இரண்டாவது கோடையிலேயே அது காய்ந்துபோயிற்று. கூண்டை யாரும் எடுக்கவில்லை. கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரை அங்கேயே ஊற்றிவந்தார்கள். ஒருநாள் பார்த்தால் உள்ளே வேறு ஏதோ முளைத்திருந்தது. மாடு வாய்வைக்காமல் கூண்டு காத்தது, மரம் வளர்ந்துவிட்டது.

நடும்போது எழுதிய பட்டியல் எங்காவது இருந்தால் அதில் இங்கே நிற்பது பூவரசு. நட்ட கன்றுகளைக் கொண்டு நகரத்தின் மரங்களைக் கணக்கிடுவது, பிறந்தவர் பதிவேட்டை வைத்து ஊரில் இருப்பவர்களை எண்ணுவதைப் போன்றது. செத்தவர்களும் இருப்பார்கள், குடிவந்தவர்கள் இருக்கமாட்டார்கள். எங்கள் ஐந்து தெருக்களில் குடிவந்தவைதான் அதிகம். பிரம்பால் பெரம்பூர், எருக்கால் எருக்கஞ்சேரி, புரசால் புரசைவாக்கம் என்று சொல்லிக்கொள்ளும் பகுதியில், இன்று எந்தச் செடி இருக்கிறது என்பதற்கு ஊர்ப்பெயரையும் நம்ப முடியாது, கூண்டையும் நம்ப முடியாது.

மரத்தை 'தானாக வளர்ந்தது' என்று குறித்து, குறிப்பில் டீக்கடை அண்ணன் சொன்னதை முழுமையாக எழுதினேன். பூ நிறைய, பழம் நிறைய. தேன்சிட்டைவிடச் சிறிய ஒரு பூக்கொத்தி நாங்கள் இருப்பதைச் சட்டை செய்யாமல் பழத்தைப் பிதுக்கிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 27, ஞாயிறு

எல்லோரும் பாட்டியைப்போல் இருக்கமாட்டார்கள். நான்காவது சந்தில் ஒரு வீட்டில், மரத்தை எழுதிக்கொண்டு போய் யாரிடம் கொடுப்பீர்கள் என்று கேட்டார்கள். கணக்கெடுக்க வருகிறவர்களுக்குப் பின்னால் வெட்ட வருகிறவர்களோ வரி கேட்கிறவர்களோ வருவார்கள் என்ற பயம். அதை நான் குறை சொல்லமாட்டேன். வாசலுக்குள் நிற்கும் மரம் என்றால் அவர்கள் சம்மதித்தால்தான் பதிவு. சம்மதித்தாலும் இடத்தை மறைத்துவிடலாம் என்று தளத்தில் தம்பி காட்டினான். மறைத்தால் ஏறக்குறைய இருபத்திரண்டு கிலோமீட்டர் பக்கமுள்ள ஒரு கட்டத்துக்குள் எங்கோ ஓர் இடத்தில் புள்ளி வைத்துவிடும். கடற்கரை ஊரில் அதற்கு ஒரு வேடிக்கை உண்டு: சோதித்துப் பார்த்த பதிவில் வியாசர்பாடித் தேன்பழ மரம் காசிமேட்டுக்குக் கிழக்கே வங்காள விரிகுடாவில் நின்றது. அந்த வீட்டு அம்மாவிடம் காட்டினோம். சிரித்துக்கொண்டே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே போனதும் அவருடைய உண்மையான குறை வந்தது. ராத்திரியில் வௌவால்கள் பழத்துக்கு வருகின்றன. கொடியில் காயும் துணியில் எச்சம் விழுந்தால் கறை போவதில்லை. மரத்தை எடுத்துவிடலாமா என்று யோசிக்கிறாராம். எடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லும் இடத்தில் நான் இல்லை. கொடியை மேற்குப் பக்கம் மாற்றிக் கட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஒரு பழத்தை நசுக்கி உள்ளங்கையில் தேய்த்துக் காட்டினேன்; கசகசாவைவிடப் பொடியான விதைகள், ஒரு பழத்திலேயே ஆயிரக்கணக்கில். வௌவாலும் குயிலும் அணிலும் இவற்றைச் சுமந்துகொண்டு போகின்றன. தெருவில் நட்டவர் யாருமில்லாத மரங்களுக்கு நட்டவர்கள் அந்த எச்சம் போடுகிறவர்கள்தான். அந்த அம்மா இதைக் கேட்டுச் சமாதானம் ஆனதாகத் தெரியவில்லை.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்குகிறது. திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். "எங்க மாடியில செர்ரி காய்ச்சிருக்கு, வந்து உன் கணக்குல சேத்துக்கோ" என்று ஒரு வாரமாகப் போன். போய்ப் பார்த்தால் பார்படோஸ் செர்ரி. இலைகள் எதிரெதிராக, வழவழப்பாக. பழம் மூன்று மெல்லிய மேடுகளாகப் பிரிந்து, உள்ளே மூன்று விதை. சுரினாம் செர்ரி என்று இன்னொன்று உண்டு, அதன் பழத்தில் ஏழெட்டு வரிகள் பூசணிக்காயைப்போல் ஓடும். அதை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. அக்கா நர்சரியில் வாங்கித் தொட்டியில் வைத்தது என்பதால் 'வளர்த்தது' என்ற கட்டத்தை முதல்முறையாகச் சந்தேகமில்லாமல் குறித்தேன். புளிப்பு அதிகம். என் கணக்கில் இது வராது என்று சொன்னபோது அக்காவின் முகம் வாடியதைப் பார்த்து, நோட்டின் கடைசிப் பக்கத்தில் தனியாக எழுதிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

பதினொரு மரங்கள் ஆகியிருந்தன, முடித்துவிட்டோம் என்று நினைத்தேன். இன்று தம்பியின் அப்பா தன் இரும்பு டேப்பைக் கொண்டுவந்தார். அவர் தச்சுவேலை செய்கிறவர். இரண்டு டேப்பையும் அருகருகே நீட்டிப் பார்த்தோம். என் மனைவியின் தையல் டேப்பில் 100 என்று இருக்கும் இடம் இரும்பு டேப்பில் 101.2. இருபது ஆண்டு இழுத்து இழுத்து அது நீண்டுவிட்டது. நீண்ட டேப் எப்போதும் குறைத்தே சொல்லும். பாட்டி மரத்தின் 71 உண்மையில் ஏறக்குறைய 72. ஒரு சென்டிமீட்டரில் என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டால், அடுத்த ஆண்டு சரியான டேப்பால் அளக்கும்போது, வளராத ஒரு சென்டிமீட்டரை மரம் வளர்ந்ததாக எழுதவேண்டி வரும்.

பெருக்கித் திருத்திவிடலாம் என்றான் தம்பி. டேப் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நீண்டிருக்காது, அதனால் ஒப்புக்கொள்ளவில்லை. பதினொன்றையும் திரும்ப அளக்க வேண்டும். நோட்டில் பழைய அளவுகளை அடிக்காமல், பக்கத்தில் 'தையல் டேப்' என்று சிவப்பு மையில் எழுதினேன். அடுத்த ஞாயிறு பாட்டி வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்கிறோம். முதலில் போனால் காபி கொடுத்து முருங்கையின் கதையை மறுபடி சொல்வார், வெயில் ஏறிவிடும்.