நிறுத்தப் பொத்தானும் மூடிய தொடர்பும்

பி.எல்.சி. (இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கணினி) நிரல் எழுதத் தொடங்குபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, நிறுத்தப் பொத்தானை ஏன் இயல்பாக மூடியிருக்கும் தொடர்பில் (அழுத்தாதபோது மின்சாரத்தைச் செல்லவிட்டு, அழுத்தினால் துண்டிப்பது) இணைக்கிறோம் என்பதே. அவ்வாறு இணைத்தால், பொத்தானை அழுத்தாத வரை உள்ளீட்டில் 24 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். கம்பி அறுந்தாலோ முனை தளர்ந்தாலோ அது மறைந்து, பொத்தானை அழுத்தியதைப் போலவே மோட்டார் நின்றுவிடும். அழுத்தினால் மட்டுமே மின்சாரத்தைச் செல்லவிடும் திறந்த தொடர்பில் இணைத்திருந்தால், அறுந்த கம்பி நிறுத்த வேண்டிய நேரத்தில்தான் தெரியவரும். ஏணி போன்ற வரைபடமாக எழுதப்படும் லேடர் நிரலில் இதற்குத் திறந்த தொடர்புக் குறியையே இட வேண்டும் என்பது பலரைக் குழப்புகிறது. அந்தக் குறி பொத்தானின் வகையைச் சொல்வதில்லை, உள்ளீட்டு பிட் 1 ஆக, அதாவது உள்ளீட்டில் மின்னழுத்தம் இருக்கிறதா என்பதை மட்டுமே சோதிக்கிறது. அவசர நிறுத்தத்தை மட்டும் சாதாரண பி.எல்.சி. நிரலின் பொறுப்பில் விடவே கூடாது. அது பாதுகாப்பு ரிலே என்ற தனிக் கருவி வழியாக, மோட்டாருக்கு மின்சாரம் தரும் சுவிட்சான கான்டாக்டரின் சுருளுக்குச் செல்லும் மின்சாரத்தை நேரடியாகத் துண்டிக்க வேண்டும்.