ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை

எங்கள் அலுவலகம் கோலாலம்பூரில், பங்சார் சவுத் பக்கம். டெவலப்பர்கள் எட்டுப் பேர். லேப்டாப்புகள் எல்லாம் மூச்சு வாங்க ஆரம்பித்ததும், வேலைச்சூழல் மொத்தத்தையும் கிளவுடுக்கு மாற்றினோம். பிரவுசரைத் திறந்தால் போதும். எடிட்டர், டேட்டாபேஸ், டெஸ்ட் எல்லாம் கிளவுட் நிறுவனத்தின் சிங்கப்பூர் ரீஜனில், அதாவது அங்குள்ள தரவு மையங்களில், ஓடும். அமைத்தவன் நான். அதனால் கெட்டுப்போனால் பேச்சு வாங்குபவனும் நான்தான்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், திங்கட்கிழமை, பயிற்சி மாணவி ஒருவர் புதிதாகச் சேர்ந்தார். அவருக்கும் அப்படி ஒரு வேலைச்சூழலை, அதாவது ஒர்க்ஸ்பேஸை, உருவாக்கும் பட்டனை அழுத்தினேன். சுற்றிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து, டிப்ளாய்மெண்ட் (ஒர்க்ஸ்பேஸை ஏற்றி ஓட்டும் வேலை) தோல்வி, நேரம் கடந்துவிட்டது என்று வந்தது. காரணம் ஒரு வரிகூட இல்லை. அந்தப் பத்து நிமிடம், ஒர்க்ஸ்பேஸ்களை ஓட்டி நிர்வகிக்கும் குபெர்னெட்டிஸ் என்ற மென்பொருள் வழக்கமாக வைத்திருக்கும் கெடு. 600 நொடி முன்னேற்றம் இல்லையென்றால் தோல்வி என்று குறித்துவிடும். ஏன் என்பதை நாம்தான் தேட வேண்டும்.

நான் தேடவில்லை. அழித்துவிட்டு மறுபடி அழுத்தினேன். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் டிஸ்க் மட்டும் முதலில் உருவாகி, அழிக்கும்போது அழியாமல் பின்னால் தங்கிவிட்டது. அந்த மாத பில்லில்தான் அது கண்ணில் பட்டது.

மதியம்தான் கமாண்ட் லைனுக்குப் போனேன். அங்கே ஒரு விசித்திரம். ஒர்க்ஸ்பேஸ் ஓடும் பெட்டியான பாட், பெண்டிங்கில் (இடத்துக்குக் காத்து) இருக்கும், அல்லது விழுந்து விழுந்து எழும் என்று எதிர்பார்த்தேன். பாடே இல்லை. இல்லாத பாடுக்கு நடந்ததைச் சொல்லும் லாக் ஏது? டிப்ளாய்மெண்டுக்கு அடுத்த படி, பாடை உண்டாக்கும் ரெப்ளிகாசெட். அதை விவரிக்கச் சொன்னபோதுதான் விஷயம் வந்தது: கோட்டா மீறப்பட்டது, கேட்டது 2 கோர் (சிபியுவை அளக்கும் அலகு), பயன்பாட்டில் 16, வரம்பு 16.

மலேசியத் தமிழர் வீட்டில் கோட்டா என்றால் பல்கலைக்கழக இடம்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்தக் கோட்டாவை வைத்தது யாருமில்லை, நானே. எட்டுப் பேர், ஆளுக்கு 2 கோர், மொத்தம் 16 என்று, ஒர்க்ஸ்பேஸ்கள் இருக்கும் பகுதியான நேம்ஸ்பேஸுக்கு வரம்பு போட்டுவிட்டு மறந்திருக்கிறேன். சரி, 24 ஆக்கினேன். பாட் வந்தது. ஆனால் பெண்டிங். பாடுகள் ஓடும் மெஷின்களான நோடுகள் எதிலும் போதிய சிபியு இல்லையாம்.

இடம் போதாவிட்டால் ஆட்டோஸ்கேலர் புது நோடைச் சேர்க்க வேண்டும். அது முயன்றுதான் இருக்கிறது. கிளவுட் நிறுவனம் மறுத்துவிட்டது. இது இரண்டாவது கோட்டா, அவர்கள் வைத்தது: எங்கள் கணக்குக்கு அந்த ரீஜனில் மொத்தம் 40 கோர். ஒர்க்ஸ்பேஸ் நோடுகள் எட்டு, ஒவ்வொன்றும் 4 கோர், 32 ஆயிற்று. நிரலைத் தொகுக்கும் பில்டு, மற்ற வேலைகளுக்கு 8. கச்சிதமாக 40. மலேசியாவிலேயே ரீஜன் திறந்திருக்கிறார்களே, அங்கே போகலாமே என்று முதலாளி கேட்டார். இந்த வரம்பு ஒவ்வொரு ரீஜனுக்கும் தனித்தனி. அங்கே போனாலும் புதிதாகக் கேட்டுத்தான் வாங்க வேண்டும் என்றேன்.

செவ்வாய்க்கிழமை 64 கேட்டு விண்ணப்பம் போட்டேன். எதற்கு இவ்வளவு என்று புதன்கிழமை கேட்டார்கள், விளக்கினேன். வியாழன் காலை கிடைத்துவிட்டது. மாணவியைக் கூப்பிட்டு, பெருமையாகப் பட்டனை அழுத்தினேன். மறுபடி பெண்டிங். இந்த முறை பிழை வேறு: நாங்கள் கேட்கும் ரக மெஷின், ரீஜனுக்குள் நாங்கள் இருக்கும் பிரிவான ஸோனில் இப்போது கைவசம் இல்லை. கோட்டா என்பது எடுத்துக்கொள்ள அனுமதி மட்டுமே. கட்டடத்தில் சீசன் பார்க்கிங் பாஸ் வைத்திருக்கிறேன். அதற்காகக் காலை ஒன்பது மணிக்கு இடம் காலியாக இருக்குமா என்ன?

எங்கள் குழுவின் மூத்தவர் எல்லோருக்கும் அண்ணன். பத்துமலைக்குக் காவடி எடுப்பதால் அவர் விரதத்தில் இருந்தார். வழக்கமான மாமாக் கடையை (இந்திய முஸ்லிம் உணவகம்) விட்டுவிட்டு, பிரிக்பீல்ட்ஸில் ஒரு சைவக் கடைக்குப் போனோம். நான் புலம்பி முடிக்கும்வரை பேசாமல் சாப்பிட்டார். அப்புறம் கேட்டார்:

"ஒரு நோடுல எத்தனை பேரு தம்பி இருக்காங்க?"

"ரெண்டு பேருண்ணே. நாலு கோர், ஆளுக்கு ரெண்டு."

"எட்டுப் பேருக்கு நாலு நோடு போதுமே. ஏன் எட்டு ஓடுது?"

கையில் எடுத்த சோறு அப்படியே நின்றது.

அலுவலகத்துக்குத் திரும்பிப் பார்த்தால், ஒரு நோடில் ஒரே ஒரு ஒர்க்ஸ்பேஸ். 4 கோர் மெஷின் என்றாலும் 4 கோரும் நமக்கு இல்லை. நோடு தன் சொந்த வேலைக்குக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்களுக்கு மிஞ்சியது 3.9 சொச்சம். லாக் சேகரிப்பது, நெட்வொர்க்கைக் கவனிப்பது என்று எல்லா நோடிலும் ஓடும் குட்டி பாடுகள் இன்னும் 0.2 எடுத்துக்கொள்ளும். மீதி 3.7. அதில் இரண்டு 2 கோர் நுழையாது. இத்தனை மாதமாக ஒவ்வொரு மெஷினிலும் பாதி காலியாகவே ஓடி, அதற்கும் சேர்த்து வெள்ளி (ரிங்கிட்) கட்டியிருக்கிறோம். ஒரு எண்ணை நான் முழு எண்ணாகப் போட்டதால் வந்தது.

ஒர்க்ஸ்பேஸ் கேட்கும் அளவை 1.75 ஆகக் குறைத்தேன். இரண்டுக்கு 3.5, தாராளமாக அடங்கும். குறைந்தபட்ச ஒதுக்கீடுதானே, நோடில் சும்மா கிடப்பதை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். யாருக்கும் வேகம் குறைந்ததாகத் தெரியவில்லை.

ஆனால் அந்த மாற்றமும் உடனே ஏறவில்லை. டிப்ளாய்மெண்டின் வழக்கம், புதிய பாட் எழுந்து நின்ற பிறகே பழையதை இறக்குவது. 25 சதவீதம் கூடுதலாக ஓடலாம் என்பது விதி. ஒரே பாட் என்றால் அது மேல்பக்கம் முழுமையாகி 1 ஆகும். 25 சதவீதம் குறையலாம் என்ற இன்னொரு விதி கீழ்ப்பக்கம் முழுமையாகி 0 ஆகும். ஆக, பழையதும் புதியதும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓட வேண்டும். 2-ம் 1.75-ம் சேர்ந்தால் 3.75, இருப்பது 3.7. புது நோடுக்கும் வழியில்லை. அப்படியே வழி இருந்திருந்தாலும், எங்கள் டிஸ்க் ஒரு நேரத்தில் ஒரு நோடில்தான் ஒட்டும். கடைக்கு முன்னால் இரண்டு கார் முறைத்துக்கொண்டு நிற்பதைப்போல, புதியது இடத்துக்கும் பழையது புதியதுக்கும் காத்திருந்தன. முதலில் பழையதை இறக்கு, பிறகு புதியதை ஏற்று என்று உத்தியை மாற்றியதும் விறுவிறுவென்று முடிந்தது. ஆளுக்கு ஒரு நிமிடம் துண்டிப்பு. வெள்ளிக்கிழமை மதியம் பாதிப் பேர் தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் போயிருந்த நேரம் பார்த்துச் செய்தேன்.

இப்போது ஒன்பது பேருக்கு ஐந்து நோடு, 20 கோர். மற்றவை 8. மொத்தம் 28, பழைய 40-க்குள்ளேயே. விளக்கம் எழுதி வாங்கிய 64 யாரும் தொடாமல் இருக்கிறது.

நாலு மணிக்கு மாணவியிடம் போய், உங்கள் ஒர்க்ஸ்பேஸ் தயார் என்றேன். அவர் புதன்கிழமையே தன் பழைய லேப்டாப்பில் எல்லாவற்றையும் நிறுவி, முதல் பிழையைத் திருத்தி, எட்டுப் பேரில் ஒருவரிடம் ஒப்புதலும் வாங்கிவிட்டிருந்தார்.