லூகரின் முழங்கால்: நான்காவது முறையில் பூட்டிக்கொண்டது

நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு, நான் மரத்தில் செய்யும் லூகர் கைத்துப்பாக்கி மாதிரியின் பூட்டு பிடித்து நின்றது. குழலின் பின்வாயை அடைக்கும் பூட்டுக்கட்டையின் முகத்தில் இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து, உடல் எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். மூட்டு அசையவில்லை. பிறகு இரு பக்கக் குமிழ்களையும் அடியிலிருந்து விரலால் மெல்லத் தூக்கினேன், எழுந்து மடிந்தது. இந்த ஓர் அசைவுக்காக ஐந்து மாதம் காத்திருந்தேன்.

ஜெர்மன் கைத்துப்பாக்கியான லூகர் பி08-இன் இரட்டை அளவுத் தேக்கு மாதிரி இது. சுடாது, இயக்கத்தைக் காட்டும், அவ்வளவுதான். அசலில் 100 மி.மீ. நீளமுள்ள குழல் என் மேசையில் 200 மி.மீ. குழல், சட்டம், விரலால் இழுக்கும் விசை எல்லாம் பிப்ரவரியிலேயே முடிந்துவிட்டன. மீதிக் காலம் முழுவதையும் மூட்டின் மூன்று அச்சுகள் தின்றன.

இந்தப் பூட்டில் கொக்கியோ தாழ்ப்பாளோ கிடையாது. நீட்டிய காலின் முழங்கால்தான் பூட்டு. முன் அச்சையும் பின் அச்சையும் ஒரு நூலால் இணைத்தால், நடு அச்சு அந்த நூலுக்குச் சற்றுக் கீழே நிற்க வேண்டும். அப்போது பின்னோக்கித் தள்ளும் விசை மூட்டை மேலும் கீழே அழுத்துமே தவிர, திறக்காது. குழலும் அதைத் தாங்கும் கூடும் ஒன்றாகப் பின்வாங்கி, குமிழ்கள் சட்டத்தின் சரிவில் மோதி ஏறும்போதுதான் நடு அச்சு நூலைத் தாண்டி மேலே வரும். அதற்குள் குழலில் அழுத்தம் தணிந்திருக்கும்.

அந்தச் 'சற்று' எவ்வளவு என்பதில்தான் மூன்று முறை தோற்றேன். முதலில் நடு அச்சை நூலிலேயே வைத்தேன். கட்டைவிரல் பட்டதும் மூட்டு துள்ளி எழுந்தது. அடுத்து 2 மி.மீ. கீழே இறக்கினேன், குமிழ் சரிவில் ஏற முடியாமல் தேக்கின் ரேகையோடு பிளந்தது. மூன்றாம் முறை 1 மி.மீ. முதல் வாரம் அருமையாக வேலை செய்தது, பிறகு மறுபடி துள்ளியது. வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்தபோதுதான் உண்மை தெரிந்தது: மரத் துளைகள் தேய்ந்து விரிந்திருந்தன. மூன்று துளைகளின் தளர்ச்சியும் சேர்ந்து அந்த 1 மி.மீ.-ஐ விழுங்கிவிட்டது. வைத்த அளவு தவறில்லை, துளைதான் துரோகம் செய்தது.

ஆகவே பித்தளை புஷ், அதாவது துளைக்குள் பொருத்தும் சிறு குழாய். இரண்டு பக்கச் சுவர்களையும் ஒன்றாக இறுக்கிப் பிடித்து ஒரே ஓட்டத்தில் துளையிட்டு, புஷ்களை அழுத்தி ஏற்றினேன். தனித்தனியாகத் துளையிடுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: வேண்டாம். முதல் லேத் பட்டறையில் கொடுத்த புஷ்கள் ஒவ்வொன்றும் ஓர் அளவில் வந்தன, பணமும் நாளும் வீண். இரண்டாவது பட்டறைக்காரர் அச்சையே கையில் வாங்கிப் பொருத்திப் பார்த்துக் கடைந்து கொடுத்தார். இனி அவரிடம்தான்.

சேகரிப்பாளர்கள் லூகரின் சிறு உறுப்புகளில்கூட வரிசை எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தேடுவது ஏன் என்று இப்போது புரிகிறது. அவை அந்தத் துப்பாக்கிக்கென்றே பொருத்திப் பார்த்துச் சேர்த்த உறுப்புகள். என் மூன்றாம் முறை இணைப்பை நான்காம் கூட்டில் போட்டுப் பார்த்தேன், உட்காரவே இல்லை. நானும் எண் பொறிக்கப்போகிறேன்.

இதை வடிவமைத்த கியோர்க் லூகரின் மேதைமை முழங்காலில் இல்லை, அதை மடக்கிச் சுருக்கியதில் இருக்கிறது என்பது என் கட்சி. மூட்டுப் பூட்டு மாக்சிமின் இயந்திரத் துப்பாக்கியிலேயே உண்டு. ஹூகோ போர்ச்சார்ட் 1893-இல் அதைக் கைத்துப்பாக்கிக்குக் கொண்டுவந்தார். ஆனால் மடிந்த மூட்டை மறுபடி நீட்டும் ஸ்பிரிங்கைப் பின்புறம் ஒரு புடைப்பில் வைத்ததால் துப்பாக்கி கைக்குப் பின்னால் வால்போல நீண்டது. லூகர் அந்த ஸ்பிரிங்கைக் கைப்பிடிக்குள் இறக்கிவிட்டார். 1900-இல் சுவிட்சர்லாந்து ராணுவம் ஏற்றது, 1908-இல் ஜெர்மன் ராணுவம் 9 மி.மீ. அளவில் ஏற்றது. 1906 வரை அந்த ஸ்பிரிங் தட்டைப் பட்டை, அதன் பின் சுருள். நான் சுருளையே எடுத்துக்கொண்டேன். இருசக்கர வண்டி உதிரிபாகக் கடை டப்பாவில் கிளறினால் வேண்டிய விறைப்பில் கிடைக்கும். இரண்டு மூன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

போர்ச்சார்டையும் இதே அளவில் செய்து பக்கத்தில் வைக்க வேண்டும் என்று கை துடிக்கிறது. மரம் வாங்கியாயிற்று. இந்த லூகரில் ஸ்பிரிங்கை மூட்டோடு இணைக்கும் கொக்கியும், பிடியின் மரத்தகடுகளில் கட்டம் செதுக்குவதும் இன்னும் பாக்கி. கொக்கிக்குப் பித்தளைக் கம்பியை இன்று மாலை வளைக்கப்போகிறேன்.