பத்தியக் கணக்கு: குடல் அழற்சி நோய்க்கான சாப்பாட்டுக் குறிப்புகள்

மார்ச் 2

குரோன்ஸ் அல்லது அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (குடல் அழற்சி நோயின் இரு வகைகள்) என்று தெரிந்ததுமே நம் வீடுகளில் பத்தியம் தொடங்கிவிடும். முதலில் காரம் போகும், பிறகு பால், பிறகு மீன். கடைசியில் ரசஞ்சோறும் பிஸ்கட்டும் மிஞ்சும். வயிறு கொஞ்சம் அடங்கலாம், ஆனால் உடம்புச் சதை கரையும்.

நோய் கிளம்பியிருக்கும்போது உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். அடங்கிய பிறகு 1 கிராம் போதும். 60 கிலோ ஆளுக்கு நோய் கிளம்பியிருக்கையில் குறைந்தது 72 கிராம். கூட்டிப் பாருங்கள்: 4 இட்லி 8, 2 முட்டை 12, முள் நீக்கி வேகவைத்த பாத்தாங் மீன் 150 கிராமில் 30, தவ்குவா (கெட்டியான டோஃபு) 100 கிராமில் 12, ஒரு கிண்ணம் தயிரில் 7. இரண்டு வேளைச் சோற்றையும் சேர்த்தால்தான் எட்டும். வாரம் ஒருமுறை எடை பாருங்கள். நோய் கிளம்பினாலோ, பத்தியம் அளவு மீறினாலோ அந்த எண் சீக்கிரமே காட்டிவிடும்.

மார்ச் 5

“நார்ச்சத்தே ஆகாது” என்பது எல்லாருக்குமான விதி அல்ல. ஸ்கேனில் குடல் சுருக்கம் தெரிந்தவர்களுக்கே அது கண்டிப்பு. சிங்கப்பூர்த் தேக்கா சந்தையில் அவர்கள் தாண்டிப் போக வேண்டியவை: வாழைத்தண்டு, வாழைப்பூ, முருங்கைக்காய், முருங்கைக்கீரை, சோளம், காளான், தேங்காய்ப்பத்தை. ஆரஞ்சுச் சுளையின் தோலும் அப்படித்தான். இவற்றின் நார் மென்றாலும் முழுதாக உடையாமல், குறுகிய இடத்தில் திரண்டு அடைக்கும். முருங்கைக்காயின் சதையை மட்டும் வழித்தெடுத்தாலும் நார் கூடவே வந்துவிடும்.

தோல் சீவிய பூசணி, கேரட், சௌசௌ, விதை நீக்கிய பீர்க்கங்காய் ஆகலாம். கரண்டியால் அழுத்தினால் மசிகிற வரை வேகவேண்டும். அரைவேக்காட்டுப் பொரியல் உதவாது. கஞ்சிக்கு ஒரு பங்கு அரிசி, எட்டுப் பங்கு தண்ணீர், ஒரு கைப்பிடி பாசிப்பருப்பு.

சாப்பிட்டபின் முறுக்கி முறுக்கி வலித்து, வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் மலம் இளக்கும் பேதி மருந்தை எடுக்காதீர்கள். நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சுருக்கம் இல்லை, நோயும் அடங்கிவிட்டது என்றால் நார்ச்சத்தைத் தள்ளிவைக்கக் காரணமே இல்லை. ஓட்ஸ், வாழைப்பழத்தில் தொடங்கி, மூன்று நாளைக்கு ஒரு புதுப் பொருள் என்று சேருங்கள். ஒரே நாளில் நாலைச் சேர்த்தால் வலிக்குக் காரணம் எது என்று பிடிபடாது.

மார்ச் 9

கோப்பிக்கடைக்கு இரண்டு வரி. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் ‘தே சி’யும் ஆகாது, அதில் எவாப்பரேட்டட் பால். ‘தே ஓ போ’ (பால் இல்லாத, சாயம் குறைந்த தேநீர்) கேளுங்கள். மீன் சூப் பீஹூனில் பால் ஊற்ற வேண்டாம், பொரித்த வெங்காயம் தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மார்ச் 14

நம் ஊர் வெயிலில் வயிற்றுப்போக்கும் சேர்ந்தால் தண்ணீரோடு உப்பும் இறங்கும். வெறும் தண்ணீரைக் குடித்துக் குடித்துத் தலைசுற்றல் கூடுவது அதனால்தான். மருந்தகத்து ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்) பொட்டலம் நல்லது. அது கைவசம் இல்லாவிட்டால் கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் மட்டமாக 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலக்கலாம். உப்பைக் கண்ணளவில் போடவே கூடாது. ‘100 பிளஸ்’ குளிர்பானம் இதற்கு ஈடாகாது: அதில் உப்பு ஓஆர்எஸ்ஸில் பாதிகூட இல்லை, காற்று வேறு வயிற்றை உப்பவைக்கும்.

மார்ச் 20

குரோன்ஸ் கண்ட பிள்ளைகளுக்கு 6 முதல் 8 வாரம் மருத்துவச் சத்துப்பானம் மட்டும் கொடுக்கும் முறை உண்டு. அழற்சியை அடக்க ஸ்டீராய்டுக்குப் பதிலாகவே இதைத் தருகிறார்கள். அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இது பலிப்பதில்லை. சுவை சலித்துப்போவதுதான் பெரிய இடைஞ்சல். நன்றாகக் குளிரவைத்து, மூடிய குவளையில் ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தால் வாசனை தெரியாது. “ஒரே ஒரு முறுக்குதானே” என்று நீட்டும் பாட்டிக்கும் விவரத்தைச் சொல்லி வையுங்கள்.

மார்ச் 27

ரத்தப் பரிசோதனையில் ஃபெரிட்டின் (உடம்பில் சேமித்த இரும்பைக் காட்டும் எண்) 80 என்றால் இரும்புச்சத்து சரி என்று நினைக்கவேண்டாம். அழற்சி இருக்கும்போது அந்த எண் தானாக ஏறும். 100 வரை இருந்தும் குறைபாடு இருக்கலாம். இரும்புச்சத்து மாத்திரைக்கும் தேநீருக்கும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். நோய் மும்முரமாக இருந்தால் மாத்திரை சரிவர உடம்பில் சேராது, ஊசிவழி இரும்பு பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். சிறுகுடலின் கடைசிப் பகுதியில் 20 செ.மீக்கு மேல் வெட்டி எடுத்தவர்களுக்கு பி12 ஊசி ஆயுள் முழுக்க. மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபசலசின் எடுப்பவர்களுக்கு ஃபோலிக் அமிலமும் வேண்டும். மருந்துச் சீட்டில் அது இல்லையென்றால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் கேட்டுவிடுங்கள்.